ரோஸ் நிற இடுக்கி

கவிப்ரியா போனில் கூப்பிட்டபோது செங்காங் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளராக முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிவிட்டு நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் அங்கிருந்து ஒரு தீபாவளி வாழ்த்துகூட வந்ததில்லை. அதனால் அவள் குரலில் தேன் ஒழுகியதுமே ஏதோ வேலை இருக்கிறது என்று புரிந்துவிட்டது.

"அக்கா, நீங்க வந்தாதான் ஆகும் லா. எந்த கேபினட்ல என்ன இருக்குன்னு இங்க யாருக்கும் தெரியல" என்றாள்.

பேராசிரியர் யாக்கூபுக்கு எண்பது வயதாகிறது. முப்பத்தைந்து வருடம் அங்கே காந்தவியல் நடத்தியவர். அவருடைய பழைய மாணவர்கள் எல்லாரும் கூடி விழா எடுக்கிறார்களாம். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிப் பேழை வைத்து, அதில் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஆறு பொருள்களை அடுக்கப் போகிறார்களாம். கவிப்ரியா அவரிடம் கடைசியாக டாக்டர் பட்டம் வாங்கியவள். இப்போது அந்த ஆய்வகம் அவள் பொறுப்பில் இருக்கிறது. ஐந்து பொருள்கள் கிடைத்துவிட்டன. ஆறாவதாக வேண்டியது அந்த இடுக்கி.

"எந்த இடுக்கி?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன்.

"அதான்க்கா, சார் தப்பு பண்ண அந்த ஃபேமஸ் ட்வீசர்."

மடித்த துணியைக் கீழே வைத்தேன். சார் தப்புப் பண்ணவில்லை. அதைப் பண்ணியவள் நான். இருபது வருடமாக அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாரைப் பற்றிச் சொல்வதென்றால் மிளகாய் மில்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய அப்பா, சார் அத்தா என்றுதான் சொல்வார், மசாலா அரைக்கும் மில் வைத்திருந்தார். மூட்டையில் வரும் மல்லியிலும் மிளகாயிலும் ஆணி, கம்பித்துண்டு எல்லாம் வருமாம், ஒருமுறை பாதிச் சாவிகூட வந்ததாம். அவை இயந்திரத்துக்குள் போய்விடாமல் இருக்க, கொட்டும் வாயில் ஒரு குதிரைலாடக் காந்தம் கட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் காந்தத்தில் ஒட்டியிருப்பதைத் துடைத்து எடுப்பது யாக்கூபின் வேலை. மல்லியைப் பார்த்தால் மல்லியாகத்தான் தெரியும், உள்ளே ஆணி இருப்பதைக் காந்தம்தான் சொல்லும் என்று புதிதாக வரும் ஒவ்வொரு மாணவர் கூட்டத்துக்கும் இந்தக் கதையைச் சொல்வார். நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கதை, இப்போது யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது.

தொண்ணூற்றொன்றில் நான் சேர்ந்தபோது அவர் புகழ் பெற்றவர் இல்லை. வேலைக்காரர், அவ்வளவுதான். காகிதத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய உலோகப் படலங்களில் காந்தம் எப்படி நடந்துகொள்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. கணினி வட்டுகள் செய்யும் தொழிற்சாலைகள் இந்த ஊரில் பெருகிய காலம் அது. சாரிடம் படித்த பையன்களையும் பெண்களையும் தொழிற்சாலைக்காரர்கள் கொத்திக்கொண்டு போனார்கள். சாரையும் கூப்பிட்டார்கள். அங்கே ஒரே படலத்தைக் கோடி முறை செய்யச் சொல்வார்கள், எனக்குப் பொறுமை இல்லை என்று போகாமலே இருந்துவிட்டார்.

ஆய்வகத்தின் நடுவில் ஒரு காந்தமானி இருந்தது. மாதிரியை ஒரு கம்பியின் நுனியில் ஒட்டி, இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டு, மெல்ல ஆட்டி அளக்கும் கருவி. நான் அதற்கு நடுங்கி என்று பெயர் வைத்தேன். ஆறு மாதத்தில் துறையில் எல்லாரும், தமிழ் தெரியாத சீனப் பேராசிரியர்கள்கூட, அதை நடுங்கி என்றுதான் சொன்னார்கள். அதை ஓட்டும் வேலையைச் சார் என்னிடம் கொடுத்தார். பட்டம் வாங்காத என்னிடம். அந்தக் குளிர் அறையில் நடுங்கியின் முனகலைக் கேட்டுக்கொண்டு, திரையில் வளைகோடு மெல்ல எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த பகல்களைப் போல நிம்மதியான பகல்கள் எனக்கு வாய்த்ததில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவர் மனைவி ஜரீனா வட்டிலப்பம் கொடுத்து அனுப்புவார். என் பங்கு தனிக் கிண்ணத்தில் வரும்.

அந்தத் தப்பு நடந்தது 2003 ஜூனில். சார்ஸ் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வாங்கச் சொன்ன பொருள் எதுவும் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் ஆய்வகத்தில் மாதிரியைத் தொட பிளாஸ்டிக் இடுக்கிதான். இரும்பு கூடவே கூடாது. இரும்புத்துகள் ஒன்று, கண்ணுக்கே தெரியாத அளவு ஒட்டினாலும், இல்லாத காந்தம் இருப்பதுபோல் நடுங்கி காட்டிவிடும். ஒரு சனிக்கிழமை, கடைசி பிளாஸ்டிக் இடுக்கியின் நுனி என் கையில் உடைந்தது. சார் வெளியே போயிருந்தார். துத்தநாக ஆக்சைடு படலங்கள் எட்டு அளக்கக் காத்திருந்தன. முதல் நாள் சாயங்காலம் தேக்காவில் வளையலும் பொட்டும் விற்கும் கடையில் புருவம் சீராக்க ஓர் இடுக்கி வாங்கியிருந்தேன். ரோஸ் நிறப் பிடி, அதில் வெள்ளைப் பூ. கைப்பையில் இருந்தது. ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு தடவைதானே என்று அதாலேயே எடுத்து ஒட்டினேன்.

காந்தமே இருக்கக் கூடாத அந்தப் படலங்களில் காந்தம் தெரிந்தது. திங்கட்கிழமை சார் அந்த வளைகோட்டைப் பார்த்த முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்று மத்தியானம் என் இடுக்கியைத் தேடினேன், காணவில்லை. எங்கேயாவது விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

ஆகஸ்டில் கட்டுரை அனுப்பினார். பிறகு ஒன்றரை வருடம் திருவிழாதான். ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அழைப்பு வந்தது. அடுத்த துறைத்தலைவர் அவர்தான் என்று பேச்சு. ஆனால் வேறு எங்கேயும் அந்தக் காந்தம் வரவில்லை. எங்களுக்கே மறுபடி வரவில்லை. சார் ஆறு மாதம் அந்த எட்டுப் படலங்களோடு மல்லுக்கட்டினார். கடைசியில், காந்தம் படலத்தில் இல்லை, இடுக்கி பிடித்த ஓரங்களில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதைக் கேட்ட நிமிடம் என் கைப்பையும் ரோஸ் நிறப் பிடியும் கண்முன் வந்து நின்றன.

நான் வாய் திறக்கவில்லை. கணவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மகன் ராஜீவ் பள்ளியில் ஓ லெவல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். என் ஒப்பந்தம் அந்த வருடம்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். சார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்று, நாலு வரிக் கடிதம் எழுதினார். மாதிரிகள் எஃகு இடுக்கியால் கையாளப்பட்டிருக்கின்றன, பிழை என்னுடையது என்று. கீழே அவர் கையெழுத்து மட்டும். அவசரத்தில் மேசைமேல் கிடப்பதை எடுத்து மாதிரியைத் தொடும் பழக்கம் அவருக்கும் உண்டு. தன் கையைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். துறைத்தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போனது. அந்தப் பதவிக்காரர் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரிந்து என்ன, வாய் திறக்கவில்லையே.

அதற்கு அப்புறம்தான் சார் ஆய்வக வாசலில் ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார். உள்ளே போகிற யாராக இருந்தாலும் கையிலிருக்கும் பொருளை அதன் அருகில் காட்ட வேண்டும். நூல் அசைந்தால் பொருள் வெளியே. கொண்டை ஊசியைக்கூடக் கழற்ற வேண்டும். முதல் வாரம் சிரித்தார்கள். பிறகு அவருடைய மாணவர்கள் போன இடமெல்லாம் இதைக் கொண்டுபோனார்கள். கொரியாவில், நெதர்லாந்தில், ஜூரோங் தொழிற்சாலை ஒன்றில், வாசலில் காந்தம் தொங்குகிறதாம். யாக்கூப் நூல் என்று பெயர். சாரின் இருநூறு கட்டுரைகளில் ஒன்றைக்கூடப் படிக்காதவர்களுக்கும் அந்த நூலைத் தெரியும். அவர் பெயர் நிலைத்தது என் தப்பின் மேல். இதை நினைத்து நான் பெருமைப்படுவதா அழுவதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அடுத்த நாள் போனேன். பழைய மரக் கேபினட்டின் அடி இழுப்பறையில், சாரின் நோட்டுகளுக்குக் கீழே, பழுப்பு உறை ஒன்று கிடந்தது. பிரித்தேன். ரோஸ் நிறப் பிடி, வெள்ளைப் பூ. உறைமேல் அவர் கையெழுத்தில் 30.6.2003 என்று தேதி. வேறு ஒன்றும் எழுதவில்லை. தேதியை நான் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. என் இடுக்கி அவரிடம் இருந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே மண்டைக்குள் ஓடியது. எனக்காகப் பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷர்.

கவிப்ரியா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஐயோ, சோ க்யூட். ஜரீனா ஆன்ட்டியோட ட்வீசரா? லேபிள்ல அதையும் போட்டுடலாம்க்கா. வைஃபோட ஐப்ரோ ட்வீசரால ஒரு டிஸ்கவரியே போச்சுன்னு. ஸ்டூடண்ட்ஸ்க்கு ரொம்பப் பிடிக்கும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. உயிரோடிருந்தவரை எனக்குத் தனிக் கிண்ணத்தில் வட்டிலப்பம் அனுப்பிய மகராசி. இறந்து ஆறு வருடம் கழித்து என் தப்பை அவள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். லேபிள் ஒன்றும் அடிக்காதே, நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி உறையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

சார் பாசிர் ரிஸ்ஸில் தனியாக இருக்கிறார். மகள் ருக்ஸானா இரண்டு புளோக் தள்ளி இருக்கிறாள். வெறுங்கையோடு போகக் கூடாது என்று தேக்காவில் இறங்கினேன். பொட்டுக்கடை இருந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள். மில் இருந்த சந்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதி. மூக்கைத் தூக்கிப் பார்த்தேன், மல்லி வாசம் இல்லை, குளிர்சாதனக் காற்றுதான் வந்தது. சாருக்குப் பிடித்த இடியாப்பம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்து வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கதவைத் திறந்தவர் பொட்டலத்தைப் பார்த்துத்தான் முதலில் சந்தோஷப்பட்டார். உட்கார்ந்ததும் உறையை மேசைமேல் வைத்தேன். இருபது வருடமாக ஒத்திகை பார்த்த பேச்சு, இரண்டே வரியாக வந்தது.

"இது என்னோட ட்வீசர், சார். அன்னைக்கு சாம்பிள எடுத்து ஒட்டுனது நான்தான்."

"தெரியும் ரத்தினம்மா. ரோஸ் கலர்ல ட்வீசர் வாங்குற ஆளு அந்த லேப்ல வேற யாரு?"

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை, பதவி போனதே, உங்களை யார் தியாகி ஆகச் சொன்னது என்று பொரிந்து தள்ளினேன். அவர் இடியாப்பத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

"நான் தப்பு பண்ணா அதுக்குப் பேரு ஆராய்ச்சி. நீங்க தப்பு பண்ணா அதுக்குப் பேரு வேலைநீக்கம். உங்க பேர எப்படி எழுதுவேன்?"

இப்போது எனக்கு வேலையும் இல்லை, நீக்க ஆளும் இல்லை, லேபிளில் என் பெயரைப் போடச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றார். பேராசிரியரே ஏமாந்தார் என்று கேட்டால்தான் மாணவன் தன் கையைப் பார்ப்பானாம். உதவியாளர் செய்த பிழை என்று போட்டால், அது என் வேலை இல்லை என்று நிம்மதியாகப் போய்விடுவானாம். நான் விடவில்லை. உங்களை இப்படி ஒரு பொய்யில் நிற்கவைத்துவிட்டு என்னால் அந்த விழாவில் நிற்க முடியாது என்றேன்.

அப்போதுதான் அவர் கை நின்றது. உறையை என் பக்கம் தள்ளினார்.

"அந்தக் கடிதத்துல பொய் ஒண்ணும் இல்ல. தேதியப் பாத்தீங்களா?"

பார்த்தேன். 30.6.2003. நான் அளந்தது இருபத்தெட்டு, சனிக்கிழமை. இது அதற்கடுத்த திங்கட்கிழமை. கட்டுரை போனது ஆகஸ்டில். எனக்கு மெல்ல விளங்கியது.

"காலையில ட்ரேல கெடந்துச்சு. மேசையில இருந்த காந்தத்தப் பக்கத்துல வச்சேன், ஒட்டிச்சு. கவர்ல போட்டு டிராயர்ல வச்சுட்டேன்."

"வச்சுட்டு?"

"வச்சுட்டுப் பேப்பர் எழுத உக்காந்தேன்."

ருக்ஸானா வாங்கிக் கொடுத்த மின்விசிறி எங்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தாறு வருடம் சரியான, ஒழுங்கான, யாரும் திரும்பிப் பார்க்காத வேலை செய்தவர். முதல்முறையாகத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. தட்டில் கிடந்தால் மாதிரியைத் தொட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம் என்று தனக்குத்தானே வாதாடினாராம்.

"ரத்தினம்மா, கையில என்ன இருந்துச்சுன்னு ஒரே ஒரு கேள்வி உங்களக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நீங்க உள்ளதச் சொல்லியிருப்பீங்க. அதனாலதான் கேக்கல."

என் பாரத்தைச் சுமக்கிறார் என்று இத்தனை நேரம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் சுமந்தது அவருடையதை. ஒரு நிமிடம் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருந்தால் அவருக்கு அந்த ஆறு மாத நரகம் இல்லை, எனக்கு இருபது வருடம் வயிற்றில் கல் இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, சட்டைப்பையில் பேனா மசி படிந்த அந்தக் கிழவர்மேல் எனக்குப் பிரியம்தான் பொங்கியது. தப்புப் பண்ணாத மனிதரோடு இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன் என்று நினைத்து நான் எப்போதும் ஓரடி தள்ளியே நின்றிருந்தேன். இனிமேல் நிற்க வேண்டியதில்லை.

இப்போது மறைக்கச் சொன்னது நான். ஏமாந்தார் என்பது வேறு, தெரிந்தே மூடிவைத்தார் என்பது வேறு; எண்பதாவது வயதில், கொரியாவிலிருந்தெல்லாம் ஆள் வந்து நிற்கும்போது எதற்கு என்று கெஞ்சினேன். என் பெயரை மட்டும் போட்டுக்கொள்கிறேன், உறையைக் கிழித்துப் போடுகிறேன் என்றேன். அவர் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத்தா மில்லுல காந்தத்துல ஒட்டுனத, ஒட்டலன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு, மீதி இடியாப்பத்தில் பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

விழாவன்று ஆய்வக வாசலில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். நரைத்த தலைகளுக்குள் என் பழைய பிள்ளைகளின் முகங்களைத் தேடித் தேடி அடையாளம் கண்டேன். கண்ணாடிப் பேழை உள்ளே, நடுங்கி இருந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஆறாவது லேபிள் மட்டும் வெறுமையாக இருந்தது. அக்கா, எழுதித் தர்றேன்னு சொன்னீங்களே என்று கவிப்ரியா காதோரம் கடிந்துகொண்டாள். பொருளை உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டியவள் நான்; வந்ததுமே சார் உறையைப் பிரித்து இடுக்கியை என் கையில் கொடுத்திருந்தார். பழக்கதோஷம், கொண்டை ஊசிகளை வாசல் தட்டில் கழற்றிப் போட்டேன்.

உள்ளே காலெடுத்து வைக்கப் போனபோது சார் நூலுக்குப் பக்கத்தில் வந்து நின்று வழியை மறித்தார். பழைய ஆய்வகக் குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ரத்தினம்மா, கையில என்ன?"

விரலைத் திறந்தேன்.

"ட்வீசர் சார். என்னுது. தேக்காவுல வாங்கினது, இரும்பு. சனிக்கிழமை சாம்பிள இதாலதான் எடுத்தேன்."

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "இத நான் திங்கக்கிழமையே பாத்தேன். பாத்துட்டு, ஒரு வார்த்தை கேக்காம, பேப்பர் எழுதினேன்."

கவிப்ரியா வாயில் கை வைத்திருந்தாள். சார் நூலைப் பிடித்து மெல்ல என் உள்ளங்கைப் பக்கம் இழுத்தார். காந்தம் ஒருமுறை ஆடி, டக்கென்று ரோஸ் நிற இடுக்கியில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுக்க எங்கள் இரண்டு பேர் கையும் தேவைப்பட்டது.